மாடிக்குப் போன தூக்குச்சட்டி

பிரம்மநாயகியை ஏமாற்றி ஓர் எள்ளுத் துவையலைக்கூட விழுங்க வைத்துவிட முடியாது. நாக்கில் வைத்த மறுகணமே, "எள்ளு லேசாக் கருகிட்டு, அதை மறைக்கத்தான் புளியைக் கூட வச்சிருக்கு" என்று சொல்லிவிடுவாள். சொன்னதோடு விடுவாளா என்றால் அதுவும் கிடையாது. எந்தக் கடை எள், வெறும் சட்டியில் வறுத்ததா எண்ணெய் விட்டு வறுத்ததா, அம்மியா மிக்சியா என்று ஆதியோடந்தமாக விசாரித்து முடிக்கிறவரை எதிரில் இருப்பவர் எழுந்து கை கழுவ முடியாது. கல்யாண வீட்டுப் பந்தியில் சொதி நன்றாக அமைந்துவிட்டால் போதும், கணவர் அருணாசலம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு காத்துக் கிடப்பார். இவள் கொல்லைப்புறத்தில் சமையல் செய்த தவசுப்பிள்ளையை மடக்கி நிறுத்தி, தேங்காயின் இரண்டாம் பாலை எப்போது ஊற்றினார் என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

"எல்லாருக்கும் கடவுள் மூக்கையும் காதையும் அளந்துதான் வச்சிருக்கான். இவளுக்கு மட்டும் கொசுறு போட்டுட்டான் வே" என்று அருணாசலம் பாளையங்கோட்டை அலுவலகத்தில் சக எழுத்தர்களிடம் சொல்வார். வீட்டில் சொல்லமாட்டார். அந்த மட்டுக்கு விவரமானவர்.

மகள் சித்ரலேகாவை மதுரையில் கட்டிக்கொடுத்த பிறகு, டவுனில் மேலரத வீதியை ஒட்டிய அந்தச் சந்து வீட்டில் இவர்கள் இருவர்தான். ஆனாலும் பிரம்மநாயகியின் கைக்கு இரண்டு பேருக்குச் சமைக்க வரவில்லை. உலையில் அரிசி போடும்போதே கை தாராளமாகிவிடும். அடுப்பிலிருந்து இறக்குவதற்குள் யார் வீட்டுக்கு எவ்வளவு என்று மனதுக்குள் பங்கு பிரித்திருப்பாள். உளுந்தம்பருப்புச் சோறு என்றால் பக்கத்து வீட்டு இன்பமணி டீச்சருக்கு, ஏனென்றால் டீச்சருக்கு இடுப்புவலி. அவியல் என்றால் எதிர் வரிசை சுபைதா பேகத்துக்கு, ஏனென்றால் அந்த வீட்டில் காய்கறியை வேகவைத்தே கொன்றுவிடுவார்கள் என்பது இவளுடைய தீர்மானம்.

நெல்லைச் சீமையில் பண்டம் வந்த பாத்திரத்தை யாரும் வெறுமனே திருப்பித் தருவதில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சீனியாவது, இரண்டு வாழைப்பழமாவது போட்டுத்தான் அனுப்புவார்கள். இன்பமணி டீச்சர் வீட்டிலிருந்து கிறிஸ்துமஸ் சமயத்தில் முந்திரிக்கொத்து வரும். சுபைதா பேகம், இவர்கள் சைவம் என்பதை நினைவில் வைத்து, முட்டை சேர்க்காமல் தேங்காயில் ஓர் இனிப்பு செய்து அனுப்புவார். பிரம்மநாயகி கொடுத்ததில் பாதி கொடுக்கிற ஆசைக்காக என்றால், மீதிப் பாதி திரும்பி வருவதைத் தின்று துப்பறிவதற்காக. அந்தத் தேங்காய் இனிப்பில் எதனால் அப்படி ஒரு மணம் வருகிறது என்று ஒரு வருஷம் தலையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் சோம்பை நெய்யில் வறுத்து எடுத்து வீசிவிடுகிறார்கள் என்று கண்டுபிடித்த அன்று அவளுக்கு இருந்த சந்தோஷம் மகள் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

தையலும் அப்படித்தான். மிதி மிஷினில் உட்கார்ந்தால் அவளுக்கு நேரம் போவது தெரியாது. துணிக்குச் செலவும் கிடையாது. தையல்கடை அப்பாத்துரை வெட்டித் தள்ளுகிற துண்டுகளை ஒரு பையில் போட்டு வைத்திருப்பார், இவள் போய் அள்ளி வருவாள். அதில் சுருக்குப்பை, தலையணை உறை, குழந்தைத் தொப்பி என்று எதையாவது தைத்து யாருக்காவது கொடுத்துக்கொண்டே இருப்பாள். ஆனால் எடுத்ததும் தைத்துவிட மாட்டாள். யாருக்குக் கொடுக்கிறோமோ அவரை முதலில் வேவு பார்க்க வேண்டும். இன்பமணி டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாசலில் நின்று கைப்பைக்குள் சாவியைத் தேடி அல்லாடுவதைப் பார்த்துத்தான், உள்ளே சாவி கோக்க ஒரு நாடா வைத்த பையை அவளுக்குத் தைத்தாள். அருணாசலத்துக்குத் தைத்த சாப்பாட்டுப் பையில் பக்கவாட்டில் ஒரு குட்டிப் பாக்கெட் இருந்தது. இது எதுக்கு என்று கேட்டார். "பொடி டப்பா வைக்க" என்றாள். அவர் பொடி போடுவதை விட்டுவிட்டதாக அதுவரை வீட்டில் ஒரு பேச்சு இருந்தது. டப்பா அந்தப் பாக்கெட்டில் அச்சாகப் பொருந்தியது. அவர் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பண்டம் அனுப்புகிற தூக்குச்சட்டிகளுக்கும் அவள் மூடுதுணி தைத்து வைத்திருந்தாள். உள்ளங்கை இரண்டு சேர்ந்த அளவில் சதுரத் துணி, ஓரத்தில் மடிப்பு, நடுவில் பூத்தையல். வீட்டுக்கு ஒரு பூ. டீச்சர் வீட்டுக்கு அல்லி, சுபைதா வீட்டுக்கு மாதுளை. அவள் பெருமை முழுக்கத் துணியின் பின்பக்கத்தில் இருந்தது. திருப்பிப் பார்த்தால் ஒரு முடிச்சு இருக்காது. நூல் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று எப்படிப்பட்ட தையற்காரியாலும் சொல்ல முடியாது. அதை யாராவது திருப்பிப் பார்த்துக் கேட்க மாட்டார்களா என்று அவளுக்கு ஆசை. யாரும் திருப்பிப் பார்த்ததில்லை. எல்லோரும் சோற்றைத்தான் பார்த்தார்கள்.

தொண்ணூற்றிரண்டில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்துவிட்டுப் போன மறுவருஷம் மாடிக்கு ஒரு குடும்பம் குடிவந்தது. ஸ்ரீவத்ஸன் என்று வங்கியில் வேலை பார்க்கிற பையன், அவன் மனைவி மாதுரி, அவன் அம்மா நாகலக்ஷ்மி. அம்மா கல்லிடைக்குறிச்சி அக்கிரகாரத்தில் இருந்தவர், கணவர் காலமானதும் மகனோடு வந்துவிட்டார். மாதுரி வந்த முதல் நாளே "அக்கா, தண்ணி எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்டுக்கொண்டு அடுப்படிவரை வந்து நின்றாள். பிரம்மநாயகிக்கு அவளைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போயிற்று. சித்ரலேகா வயதுதான். ஆனால் சித்ரலேகாவுக்கு இல்லாத ஒரு குணம் இவளிடம் இருந்தது. எதைப் பார்த்தாலும் இது எப்படி, அது ஏன் என்று கேட்பாள். சாயங்காலமானால் மிஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பாபினுக்கு நூல் சுற்றிக் கொடுப்பாள். பிரம்மநாயகிக்கு அந்த ஒரு மணி நேரத்துக்காகவே பகல் நகர்கிற மாதிரி இருந்தது.

நாகலக்ஷ்மி மாமி மட்டும் கீழே இறங்கவே இல்லை. குடிவந்த அன்று படியேறியவர்தான். மாடியில் அவர் நடப்பது கீழே கேட்கும். காலடி ஓசையிலேயே ஆளைச் சொல்லிவிடுகிறவள் பிரம்மநாயகி. மாதுரியின் நடை டக்டக்கென்று இருக்கும். மாமியின் நடை மெள்ள, இழுத்து, நின்று, மறுபடி இழுத்து. மடிசார் கட்டிய பெரிய மனுஷிகளின் நடை அப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டாள். மாமிக்கு ஏதாவது தைத்துக் கொடுக்க வேண்டும் என்று ஆசைதான், ஆனால் ஆளையே பார்க்காமல் என்னத்தைத் தைப்பது? தெருவிலேயே அவள் பரிசு தைக்காத ஒரே ஆள் நாகலக்ஷ்மி மாமிதான்.

அதற்காகச் சோறு அனுப்பாமல் இருக்க முடியுமா? மேல் வீட்டுக்கு என்று மாங்காய்ப் பூத்தையல் போட்ட மூடுதுணி தைத்தாள். அந்த வீட்டுக்குப் போகிறதில் வெங்காயமும் பூண்டும் படாமல் தனியாக எடுத்து வைத்தாள். புளியோதரை போனது, இஞ்சிப்பச்சடி போனது, வாழைப்பூ வடை போனது. தூக்குச்சட்டிகள் பளபளவென்று தேய்த்துத் திரும்பி வந்தன. உள்ளே கல்லிடைக்குறிச்சி அப்பளம் இருக்கும், ஒரு தரம் திரட்டுப்பால்கூட இருந்தது. எல்லாம் வந்தது, ஒரு சொல் மட்டும் வரவில்லை.

"வடை எப்படி இருந்துச்சு மாதுரி?" என்று கேட்டால் அவள் மாடிப்படியை ஒரு பார்வை பார்ப்பாள். பிறகு, "பாத்திரத்தைப் படியிலயே வச்சிருக்கேன்க்கா" என்பாள். உப்பு சரியாக இருந்ததா என்று கேட்டால், "இந்த நூல் என்ன கலர், அரக்கா?" என்பாள். இன்னொன்றும் இருந்தது. மாடிக்குப் போன மூடுதுணி எதுவும் திரும்பி வரவில்லை. தட்டைப் போட்டு மூடித்தான் தூக்குச்சட்டி வரும். கொடுத்த துணியைத் திருப்பிக் கேட்பது அசிங்கம் என்பதால் அவள் ஒவ்வொரு முறையும் புதிதாக மாங்காய் தைத்தாள். தைக்கத் தைக்க எரிச்சலும் வளர்ந்தது.

இந்த நேரத்தில்தான் இன்பமணி டீச்சர் மதில் வழியாகத் தலையை நீட்டினாள்.

"நாயகி, தப்பா எடுத்துக்கிடாத. உன் மேல் வீட்டுப் பொண்ணு தினம் காலையில பால்காரன் மாட்டுக்கு ஒரு வாளி கொட்டுது. நேத்து நானே பாத்தேன். மஞ்சளா, பருப்பு கலந்த சோறு. நீ முந்தாநாள் என்ன குடுத்துவிட்டே?"

முந்தாநாள் அவள் கொடுத்துவிட்டது எலுமிச்சம்பழச் சாதம். அதுவும் மஞ்சள்தான்.

பிரம்மநாயகி உள்ளே வந்து மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். கால் மிதிக்கவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. அவமானமாக இருந்தது. பிள்ளைமார் வீட்டுச் சோறு மாமியின் தட்டுக்கு ஆகாது, சரி, அது அவர் வழக்கம், வேண்டாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் இவள் தேங்காயும் பழமும் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பாள். வாங்கி வைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, மாட்டுக்குக் கொட்டிவிட்டு, மாட்டுச் சோற்றுக்குப் பதில் மரியாதையாக அப்பளமும் அனுப்புவது எந்த ஊர் நியாயம்? துணியெல்லாம் இந்நேரம் கரித்துணியாகி அடுப்படியில் கிடக்கும். இதையெல்லாம் செய்கிறவள், பக்கத்தில் உட்கார்ந்து பாபின் சுற்றுகிற அந்த மாதுரிதான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஆனால் அவள் பிரம்மநாயகி. தெரியாமல் எதையும் முடிவு கட்டுகிறவள் இல்லை. மாடுதான் தின்கிறது என்று உறுதியானால் மாடிக்கு இனி ஒரு தூக்குச்சட்டியும் ஏறாது, மாதுரியோடு பேச்சும் அத்தோடு சரி. உறுதியாகத் தெரிய வேண்டும். அதற்கு ஒரு வழியும் அவளுக்குத் தோன்றியது.

சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை. கடையில் புது மாங்காய் வந்திருந்தது. கூட்டாஞ்சோறு செய்யத் தீர்மானித்தாள். அரிசியும் துவரம்பருப்பும் ஒன்றாய் வேக, கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், மாங்காய் எல்லாம் அதிலேயே விழுந்து, அரைத்த தேங்காயும் சீரகமும் சேர்ந்து, கடைசியில் முருங்கைக்கீரையை வதக்கிப் போட்டு இறக்குவது. தெருவில் அவளைப் போல் அதைச் செய்ய ஆள் கிடையாது. அன்றைக்கு உப்பு ஜாடியைத் தூக்கிப் பரணில் வைத்தாள்.

அருணாசலம் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "அது எதுக்கு மேல போகுது?"

"கை சும்மா இருக்காது. கீழ இருந்தா எடுத்துப் போட்டுரும். இன்னிக்கு மாடிக்குப் போறதுல உப்புக் கிடையாது."

அவள் திட்டத்தைச் சொன்னாள். உப்பே போடாத கூட்டாஞ்சோற்றை வாயில் வைத்த மனுஷர் எவ்வளவு மரியாதைக்காரராக இருந்தாலும் ஏதாவது சொல்லாமல் இருக்க முடியாது. மறந்துட்டேளா என்றாவது கேட்பார்கள். கேட்டால் தின்றிருக்கிறார்கள். வழக்கம்போல அப்பளத்தோடு தூக்குச்சட்டி சிரித்துக்கொண்டு வந்தால், தின்றது மாடு.

"ஏட்டி, இது என்ன கோர்ட்டா? சாப்பிட்டியளான்னு நேரா கேட்டுற வேண்டியதுதானே."

"கேட்டா பேச்சை மாத்துவாவ, மடக்கினா நல்லாருந்துச்சுன்னுதான் சொல்லுவாவ. மாட்டுக்கு வாய் இருந்தா அதுவும் அதைத்தான் சொல்லும்."

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சொல்லுவாங்க. திங்கற ஆளும் உன் சோத்தை மாட்டுக்குக் கொட்டிட்டா என்ன செய்வே?"

அதை அவள் யோசித்திருக்கவில்லை. யோசிக்கவும் விரும்பவில்லை. "நீங்க பேப்பரைப் படிங்க" என்றாள்.

உப்பில்லாமல் சமைப்பது அவள் நினைத்த மாதிரி எளிதாக இல்லை. இன்னொரு வீட்டுக்கு உப்பில்லாச் சோறு அனுப்புவது வலியப் போய்ச் சண்டைக்கு இழுப்பது மாதிரி. மனசு அதற்குத் துணிந்தாலும் கை துணியவில்லை. கரண்டியைப் பிடித்த கை இரண்டு முறை காலி மேடையைத் தடவிவிட்டுத் திரும்பியது. திரும்பின கை சும்மா இருக்கவில்லை. மாங்காயை இன்னும் கொஞ்சம் கூடுதலாக நறுக்கிப் போட்டது. சீரகத்தை வறுத்துப் பொடித்துத் தூவியது. கீரையை மொறுமொறுவென்று வதக்கியது. மாடிக்கு வேண்டியதை எடுத்துத் தூக்குச்சட்டியில் நிரப்பிவிட்டு ஒரு வாய் தின்று பார்த்தாள். உப்பில்லைதான், ஆனால் புளிப்பு முதலில் வந்து நாக்கைத் தட்டியது, பின்னாலேயே சீரகமும் கீரையும் வந்தன. சப்பென்று இருக்க வேண்டியது சப்பென்று இல்லை. கெடுதல் செய்யவும் கைக்குத் தெரிய வேண்டாமா என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டு, மாங்காய் தைத்த மூடுதுணியால் மூடி, மாதுரியைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். அப்புறம் பரணிலிருந்து ஜாடியை இறக்கி, மீதியில் உப்புப் போட்டு அருணாசலத்துக்குப் பரிமாறினாள்.

மத்தியானம் முழுக்க அவள் காது மாடியிலேயே இருந்தது. தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. மாதுரியின் நடை வேகமாக அடுப்படியிலிருந்து கூடத்துக்குப் போனது. அப்புறம் வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. டக்கென்று ஒரு கரண்டி விழுந்தது. மறுபடி அமைதி. அருணாசலம் குறட்டை விட்டுத் தூங்கினார். அந்தக் குறட்டை இடைஞ்சலாக இருக்கிறது என்று அவரை உலுக்கித் திருப்பிப் படுக்க வைத்தாள்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் மாடிப்படியில் காலடி கேட்டது. மாதுரியின் நடை இல்லை. ஒரு படி. நிற்கிறது. அடுத்த படி. மறுபடி நிற்கிறது. பிரம்மநாயகி எழுந்து நின்றுவிட்டாள். மாமி வருகிறார். இத்தனை நாள் இறங்காதவர், உப்பில்லாச் சோறு அனுப்பிய வீட்டை நான்கு வார்த்தை கேட்க இறங்கி வருகிறார். சரி, வரட்டும். நமக்கும் கேட்க இருக்கிறது. மாட்டிலிருந்து தொடங்கி மூடுதுணிவரை கேட்க வேண்டியதை அவள் வரிசையாக மனதுக்குள் அடுக்கினாள்.

நாகலக்ஷ்மி மாமி மாதுரியின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசற்படியைத் தாண்டினார். நெட்டையான உருவம், வெளுத்த முகம். பேச வாய் திறந்தார், மூச்சு வாங்கியது. பிரம்மநாயகி அடுக்கி வைத்ததை விட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். மாமி உட்கார்ந்ததும் புடவை சற்று விலகியது. இரண்டு கால்களும் கணுக்கால் தெரியாமல் வீங்கியிருந்தன.

"ஒரு தப்பு பண்ணிட்டு வந்திருக்கேன்" என்றார் மாமி, மூச்சு அடங்கியதும். கையிலிருந்த தூக்குச்சட்டியை நீட்டினார். "பாத்திரத்தை வெறுமனே கொண்டு வந்திருக்கேன்."

பிரம்மநாயகி வாங்கித் திறந்து பார்த்தாள். ஈரம் காயாத பாத்திரம். உள்ளே ஒன்றுமில்லை. அவள் வாழ்க்கைப்பட்டு இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு வெறும் பாத்திரம் வந்ததே கிடையாது.

"அக்கா, உங்களுக்கு யார் சொன்னா?" என்று மாதுரி கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. "அம்மாவுக்கு இருதயம் வீங்கியிருக்கு. உப்பு ஒரு கல்லுகூடப் படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஊரெல்லாம் தமுக்கடிக்காதேன்னு அம்மா சொன்னதால யார்கிட்டயும் சொல்லலை. நான் உப்பில்லாம எது பண்ணினாலும் அம்மாவால ரெண்டு வாய்க்கு மேல முடியலை. பருப்புஞ்சாதம் பிசைஞ்சு வச்சா அப்படியே இருக்கும். தினம் காலையில மாட்டுக்குத்தான் கொட்டறேன்."

பிரம்மநாயகிக்குத் தூக்குச்சட்டி கனத்தது.

"அப்ப நான் குடுத்துவிட்டதெல்லாம்?"

"அதெல்லாம் உப்புப் போட்டதாச்சே. அம்மா பார்த்தா தனக்கும் கேட்பான்னு நானும் அவருமா அடுப்படிக் கதவைச் சாத்திண்டு திருட்டுத்தனமா தின்னோம். வழிச்சு நக்கித் தின்னோம்க்கா. நீங்க கேட்கறப்போ நன்னாருந்ததுன்னு சொன்னா மாடிக்குக் கேட்குமேன்னு பயம். அதான் நூலைப் பத்திப் பேசினேன்."

"எனக்கு வாசனை வராதாக்கும்" என்றார் மாமி. "கதவைச் சாத்திட்டா மூக்கும் சாத்திக்குமா? அந்தப் புளியோதரை வந்தன்னிக்கு நான் அழுதேன், தெரியுமோ? இன்னிக்குக் கதவைத் திறந்து வச்சுண்டு தட்டோட என்கிட்ட வரா. அம்மா, இதுல உப்பே இல்லை, நாயகி அக்கா உங்களுக்குன்னே பண்ணியிருக்காங்கறா. நான் தட்டு நிறைய சாப்பிட்டேன். பாத்திரத்துல ஏதாவது போட்டு அனுப்பணும்னு மாதுரி ஓடினா. வேண்டாம், இன்னிக்கு அதை வேற பண்டத்தால மறைக்காதே, நான் தின்னு தீர்த்தது அவளுக்குத் தெரியட்டும்னு நானே எடுத்துண்டு வந்தேன். உப்பிட்டவாளை உள்ளளவும் நினைன்னு சொல்லுவா. எனக்கு உப்பிடாதவாளை நினைக்கும்படி ஆயிடுத்து."

மடி ஆசாரம் என்று இவள் நினைத்தது எதுவும் அந்த முகத்தில் இல்லை. மாமி அதையும் கண்டுகொண்டார் போல. "ஆஸ்பத்திரியில கிடந்தப்போ இட்லி கொடுத்தா. யார் வார்த்ததுன்னு கேட்டேனா? அதெல்லாம் கல்லிடைக்குறிச்சியிலேயே விட்டுட்டு வந்தாச்சு" என்றார்.

பிரம்மநாயகி பேசாமல் இருந்திருக்கலாம். வந்த நன்றியை வாங்கிக்கொண்டு, "அதுக்கென்ன மாமி" என்று சொல்லியிருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. அருணாசலம் கூடத்து மூலையிலிருந்து அதையே கண்ணால் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் செய்யாத நல்லதுக்குக் கும்பிடு வாங்க அவளால் முடியவில்லை. வீங்கிய அந்தக் கால்களையே பார்த்தாள். தெருவில் உள்ள சாவி, பொடி டப்பா எல்லாம் தெரிந்தவளுக்குத் தலைக்கு மேலே இழுத்து இழுத்து நடந்த நோய் தெரியாமல் போயிற்றே.

"மாமி, நான் உங்களுக்காகச் செய்யல" என்றாள். "எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் அனுப்புறதை நீங்க மாட்டுக்குக் கொட்டுதியன்னு நெனைச்சேன். திங்குதியளா இல்லையான்னு கண்டுபிடிக்கத்தான் வேணும்னே உப்புப் போடாம விட்டேன். சந்தேகப்பட்டுத்தான் செஞ்சேன்."

மாதுரி அவளையே பார்த்தாள். அந்தப் பார்வையைப் பிரம்மநாயகியால் எதிர்கொள்ள முடியவில்லை.

மாமியின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து மாதுரி குனிந்தாள். மாமி சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பில் மூச்சு திணறியது, அப்படியும் நிற்கவில்லை. கையைத் தூக்கி இரு இரு என்று சைகை காட்டிவிட்டு, இடுப்பில் செருகியிருந்த ஒரு சிறு மூட்டையை எடுத்து மடியில் பிரித்தார். உள்ளே எல்லாம் மாங்காய் போட்ட மூடுதுணிகள். சிலதில் மாங்காய் பாதியாக இருந்தது. சிலதில் மாங்காயே இல்லை, ஊசி போன துளைகளும் தொங்குகிற நூலும்தான் இருந்தன.

"நீ என்னை வேவு பார்த்தே. நான் உன்னைப் பார்த்தேன். எனக்கும் பூத்தையல் தெரியும், ரொம்ப நாள் போட்டிருக்கேன். மாதுரி அலசிக் காயப்போட்டதை எடுத்து முதுகைத் திருப்பினா ஒரு முடிச்சைக் காணோம். எங்கடா ஒளிச்சு வச்சிருக்கான்னு ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பிரிச்சுப் பார்க்கறேன், கிடைக்கவே இல்லை. பிரிச்ச துணியை எந்த மூஞ்சியை வச்சுண்டு திருப்பித் தரது? அதான் வச்சுண்டேன்."

பிரம்மநாயகி பக்கத்தில் உட்கார்ந்து, தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அந்தத் துணிகளைத் தொட்டுப் பார்த்தாள். எத்தனையோ வருஷமாக யாராவது ஒருத்தர் திருப்பிப் பார்க்க மாட்டார்களா என்று இருந்தாள். பார்த்திருக்கிறார்கள், அவளுக்கு நேர் மேலேயே, வீங்கிய காலை நீட்டிப்போட்டுக்கொண்டு. அவளுக்கு அழுகை வந்தது. அதை மறைக்கக்கூடத் தோன்றவில்லை.

"முடிச்சு எங்கன இருக்குன்னு சொல்லட்டுமா மாமி?"

"சொல்லாதே. நானே கண்டுபிடிக்கறேன்" என்றார் மாமி சட்டென்று. பிறகு பிரம்மநாயகியின் மடியில் கிடந்த வெறும் தூக்குச்சட்டியை எடுத்து, மறுபடி அவள் கையிலேயே வைத்தார்.

"நீ என்னை நம்பவே வேண்டாம். நாளைக்கும் இதே மாதிரி சந்தேகப்பட்டுண்டே சமையேன்."